வெட்டி எடுத்த சிரிப்பு

(ஒரு திரைப்படச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காமெடியைப் பார்க்காதவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் கை தூக்குங்கள். ஒரு கைகூட எழவில்லை. நல்லது. அந்தப் படத்தை, பெயர் போடுவதில் தொடங்கி 'வணக்கம்' போடும்வரை, ஒரே அமர்வில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் தூக்கியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் இன்று பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

நாம் நகைச்சுவையைக் கொண்டாடும் கூட்டம். நாலு பேர் டீக்கடையில் நின்றால் இரண்டாவது நிமிடத்தில் கவுண்டமணி வந்துவிடுவார், மூன்றாவது நிமிடத்தில் வடிவேலு. 'புதுசா என்ன டிவிடி வந்திருக்கு', 'கிளியர் பிரிண்டா, தியேட்டர் பிரிண்டா', 'அந்தப் பழைய படம் எங்கேயாவது கிடைக்குமா' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. இந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ் சினிமாவின் நகைச்சுவையை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருப்பது ரசிகர்களின் பேச்சுதான். பல்கலைக்கழகமும் காப்பாற்றவில்லை, படத்தின் உரிமையாளர்களில் பெரும்பாலோரும் காப்பாற்றவில்லை. ஆனால் நாம் காப்பாற்றியது துண்டுகளை. துண்டுகள் கிடைத்துவிட்டதாலேயே முழுப்படங்களை மறந்துவிட்டோம்.

இது சிடி வந்த பிறகு தொடங்கிய பழக்கம் அல்ல. நம் சினிமாவில் நகைச்சுவை தொடக்கத்திலிருந்தே தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய உறுப்பாகத்தான் இருந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன் பகுதிகளைத் தானே யோசித்து, மனைவி மதுரத்தோடும் தன் குழுவோடும் நடித்துக் கொடுப்பார். மூலக்கதை ஒரு பக்கம் ஓடும், அவர் பகுதி இன்னொரு பக்கம் ஓடும். 'காமெடி டிராக்' என்று பின்னால் பெயர் பெற்ற வழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. கலைவாணரின் பகுதி இருந்தால் படம் ஓடும் என்று விநியோகஸ்தர்கள் நம்பிய காலம் அது. 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் நடிகர் தியாகராஜ பாகவதரும் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்த பிறகும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 'நல்லதம்பி' 1949இல் வந்தது. கதை வசனம் அண்ணா.

அவருடைய தொடக்க காலப் படம் ஒன்றின் பெயர் 'மேனகா', 1935. அது இன்று கிடைப்பதில்லை. தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் சொல்லும் 'காளிதாஸ்', 1931, அதுவும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் தானாகவே மக்கிப் பொடியாகும். ஓடி முடித்த படத்தின் பிரதியில் இருந்த வெள்ளியை உருக்கி விற்றவர்களும் உண்டு. 2003இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு தீப்பற்றியது. இந்தியா முழுவதற்கும் நேர்ந்த இழப்பு அது. ஆகவே ஒரு நகைச்சுவை நடிகரை 'மறக்க முடியாதவர்' என்று மேடையில் சொல்லும்போது, அவர் நடித்த படங்களில் எத்தனை இன்று பார்க்கக் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு வெளிநாட்டுக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். லாரல், ஹார்டி இருவரும் 1927இல் நடித்த 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'. இரண்டு ரீல் மௌனப் படம். அதில் ஒரு தெரு முழுக்க மனிதர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் கிரீம் 'பை' (pie) என்ற பலகாரத்தை எறிந்துகொள்வார்கள். மூவாயிரம் பை எறிந்தார்கள் என்று சொல்வது வழக்கம். ராபர்ட் யங்ஸன் என்பவர் 1957இல் பழைய மௌன நகைச்சுவைப் படங்களிலிருந்து நல்ல நல்ல துண்டுகளை எடுத்து 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி' என்று ஒரு தொகுப்புப் படம் செய்தார். நம்முடைய 'காமெடி கலெக்‌ஷன்' சிடிக்கு மூத்த அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பில் பை எறியும் சண்டையில் சில நிமிடங்கள் இடம்பெற்றன. மூலப்படம் காணாமல் போனது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகம் பார்த்தது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

1970களில் முதல் ரீல் கிடைத்தது. 2015இல் இரண்டாவது ரீல் முழுதாக அகப்பட்டது. எங்கே தெரியுமா? ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளரின் பிலிம் டப்பாக்களில். அவர் தொழிலால் நச்சியல் வல்லுநர். மௌனப் படங்களுக்குப் பியானோ வாசிப்பது அவருடைய ஆசை. யங்ஸனிடமிருந்து இன்னொரு சேகரிப்பாளரிடம் போய், அவர் மறைந்தபின் இவரிடம் வந்த டப்பா அது. ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ரசிகன் தன் வீட்டில் உட்கார்ந்து, டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தான். 2020இல் புளூ-ரேயாக எல்லோருக்கும் கிடைத்தது. இன்னும் ஒரு காட்சி அகப்படவில்லை. அந்த இடத்தில் புகைப்படங்களை வைத்து இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

முழு ரீல் கிடைத்ததும் என்ன தெரிந்தது என்பது எனக்கு இன்னும் முக்கியம். துண்டில் பார்த்தால் அது வெறும் பை எறிதல். முழுப்படத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன் லாரல். அவன்மேல் காப்பீடு எடுத்துக்கொண்டு, அவன் வழுக்கி விழட்டும் என்று ஹார்டி நடைபாதையில் ஒரு வாழைப்பழத் தோலைப் போடுகிறான். அதில் வழுக்கி விழுவது பை எடுத்துவரும் கடைக்காரன். கோபத்தில் அவன் ஒரு பையை எறிகிறான். எறிந்தது யார் மேலோ படுகிறது. அவரும் எறிகிறார். பல் மருத்துவர், கடைக்காரர், போகிறவர், வருகிறவர் என்று ஒவ்வொருவராகச் சேருகிறார்கள். ஒவ்வொருவரும் நியாயமான கோபத்தோடு, தாம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் சேருகிறார்கள். அந்த நிதானமான ஏற்றத்தில்தான் சிரிப்பே இருக்கிறது. ஏறி முடித்த உச்சியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஏறிய படிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 'காதலிக்க நேரமில்லை', 1964. ஸ்ரீதர் இயக்கியது, அவரோடு எழுதியவர் சித்ராலயா கோபு. நாகேஷ், தன் அப்பாவாக வரும் டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரிகிறது. அந்தக் காட்சியை ஒரு நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். ஒரு அறை, இரண்டு நடிகர்கள். மாயம் மந்திரம் எதுவும் கிடையாது. நாகேஷ் வாயாலேயே கதவைத் திறக்கிறார், காலடி வைக்கிறார், கண்ணை உருட்டுகிறார், இங்கே பார்க்கிறார், சட்டென்று அங்கே பார்க்கிறார். நாம் நாகேஷையே புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள். அவர் கேட்கிறார். அவ்வளவுதான் அவருக்கு வேலை. முதலில் 'இவன் என்ன பெரிய கதை சொல்லிவிடப் போகிறான்' என்ற முகம். பிறகு லேசாக ஆர்வம். பிறகு பயம். பயத்தை மகன் முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வீறாப்பு. அதற்குப் பிறகு வீறாப்பும் உடைந்துபோகிறது. அந்த முகத்தில் ஏறும் ஒவ்வொரு படியிலும் நாகேஷின் கதைக்கு உயிர் ஏறுகிறது. பாலையா பயப்படவில்லை என்றால் அந்தக் கதையில் பயமே இல்லை. இரண்டாண்டுக்குள் இந்தப் படத்தை இந்தியில் எடுத்தபோது மெஹ்மூதுக்கு எதிரே ஓம்பிரகாஷை உட்கார வைத்தார்கள். கேட்பவர் பெரிய நடிகராக இருந்தாலொழிய இந்தக் காட்சி நிற்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, இதைத் துண்டாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அந்த மகன் யார் என்பது குறைந்துவிடும். நாகேஷ் நடித்த செல்லப்பா, 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்டு, கதை எழுதி, கதாநாயகியையும் தேடிக்கொண்டிருப்பவன். கையில் காசில்லை. காசு இருப்பது எஸ்டேட் முதலாளியான அப்பாவிடம். அவரோ மகனை உருப்படாதவன் என்று முடிவு கட்டியவர். ஆகவே செல்லப்பா சொல்லும் கதை வெறும் கதையல்ல, அவனுடைய வாழ்க்கைக் கனவுக்கான விண்ணப்பம். அப்பா பயந்துவிட்டால் மகன் ஜெயித்துவிட்டான். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சிக்குள் போகிறவனுக்குச் சிரிப்போடு செல்லப்பாமேல் ஒரு பாசமும் வருகிறது. துண்டு பார்க்கிறவனுக்குச் சிரிப்பு மட்டும் வருகிறது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'கரகாட்டக்காரன்' படத்தில் அந்தக் கரகாட்டக் குழுவில் ஜூனியர் பாலையா இருக்கிறார், இதே டி.எஸ்.பாலையாவின் மகன். வாழைப்பழத்தை லட்சம் முறை பார்த்தவர்களில் பலருக்கு அவர் அந்தப் படத்தில் இருப்பதே தெரியாது. முழுப்படம் பார்த்தால் தெரியும். அது ஒரு குழுவின் கதை. குழுவாகவே ஊர் ஊராகப் போகிறார்கள், குழுவாகவே ஒரு பழைய காரைத் தள்ளுகிறார்கள். மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடிய படம் இரண்டு வாழைப்பழத்துக்காக மட்டும் ஓடியிருக்காது.

அந்த வாழைப்பழத்தை எழுதியது யார்? இதை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். 'கங்கை அமரன்' என்பார்கள், அவர் படத்தின் இயக்குநர். 'கவுண்டமணியே அந்த இடத்தில் பேசினார்' என்பார்கள். ஏ.வீரப்பன் என்று ஒரு மனிதர் இருந்தார். அவரே நடிகர், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் பார்த்திருப்பீர்கள். கவுண்டமணி-செந்தில் இணைக்குப் பல படங்களில் காமெடி டிராக் எழுதிக் கொடுத்தவர். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் சைக்கிள் கடையும் பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் அவர் எழுத்துதான், 'கரகாட்டக்காரன்' வாழைப்பழமும் அவர் எழுத்துதான். ஒருவர் அடிப்பவர், ஒருவர் அடிவாங்குபவர் என்று மேலோட்டமாகத் தெரியும் அந்த உறவுக்குள், அடிவாங்குபவன் கேட்கும் கேள்விக்கு அடிப்பவனிடம் பதிலே இல்லை என்ற நுட்பத்தை வைத்தவர் அவர். மேன்டில் எப்படி எரிகிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வார்? பழம் ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்றால், இதுதான் அது என்று ஒருவன் சத்தியம் செய்தால், அதை எந்தக் கணக்கால் மறுப்பது?

காமெடித் தொகுப்பு சிடி ஒன்றின் அட்டையை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தில் கவுண்டமணியும் செந்திலும், நாலைந்து படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய முகங்கள், நட்சத்திர வெடிபோல் ஒரு மஞ்சள் நிறம். பின்பக்கத்தைத் திருப்புங்கள். படங்களின் பெயர்கள் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. இயக்குநர் இல்லை, ஆண்டு இல்லை, எழுதியவர் இல்லவே இல்லை. தட்டைப் போட்டால், படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடும் பகுதியைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள். வீரப்பன் பெயர் இருந்த ஒரே இடம் அது. தொகுப்பு சிடியில் தொடங்கி, இருபத்துநாலு மணிநேரக் காமெடி சேனல்களான ஆதித்யா, சிரிப்பொலி வழியாக, இன்று கைப்பேசியில் ஓடும் முப்பது விநாடித் துண்டுவரை இதே கதைதான். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் ஒரு பெயர் விழுகிறது.

டிவிடிக்கு ஒரு நல்ல காலமும் இருந்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்துத் தமிழ்ப் படங்களைக் கடைகடையாக இறக்கியது. திருட்டு விசிடி வாங்கும் விலையில் ஒரிஜினல் கிடைத்தது. மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. லண்டனில் ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட தட்டுகள் புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் நாகேஷையும் வடிவேலுவையும் அறிந்தது அந்த அடுக்கிலிருந்துதான். 2015இல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று படத்தை நேரடியாக ஐம்பது ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே கொண்டுவந்து பார்த்தார். அந்த முயற்சி நீடிக்கவில்லை. இணையத்தின் வேகத்தில் தட்டுக்கான சந்தையே கரைந்துபோனது.

அந்தக் காலத்துத் தட்டுகளின் தரம் பற்றி ரசிகர்கள் பேசியது குறைவு. விலை பேசினோம், தரம் பேசவில்லை. ஒரே தட்டில் மூன்று படம் என்று 'த்ரீ இன் ஒன்' வாங்கி மகிழ்ந்தோம். ஓரடுக்குத் தட்டில் அடங்குவது 4.7 ஜிபி. அதில் இரண்டரை மணிநேரப் படங்கள் மூன்றைத் திணித்தால் முகத்தின் நுண்மை எல்லாம் சதுரம் சதுரமாக உடையும். நான் சற்றுமுன் சொன்ன பாலையாவின் முகமாற்றம் அதில் தெரியாது. பால் (PAL) ஒளிபரப்பு முறையில் எழுதிய தட்டில் விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படம் 25 சட்டகமாக ஓடும், நூறில் நாலு பங்கு வேகம் கூடும், குரலின் சுருதியும் சற்று ஏறும். நகைச்சுவை என்பது ஒரு கண்ணிமைப்பு தாமதித்துச் சொல்வதில் இருக்கிறது. அகலத்திரைப் படத்தின் இரண்டு ஓரத்தையும் நறுக்கித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பொருத்தினார்கள். ஓரத்தில் நின்று, பேசாமல், பார்வையாலேயே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த துணை நடிகர் நறுக்கில் போனார். மிச்சமிருந்த மூலையில் கம்பெனியின் முத்திரை படம் முழுக்க உட்கார்ந்திருந்தது. 'பாட்டு எங்கே' என்று கேட்டால், நீளம் கருதி எடுத்துவிட்டோம் என்பது பதில்.

சில படங்களை வெட்டவே முடியாது என்பதையும் பார்க்கிறேன். 'மைக்கேல் மதன காமராஜன்', 1990, கமல் நாலு வேடங்களில் நடித்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். அதில் எந்த ஐந்து நிமிடத்தை வெட்டினாலும் ஒரு நூல் அறுந்து தொங்கும். சாம்பாரில் மீன் விழும் காட்சியை எத்தனையோ பேர் தனியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் காமேஸ்வரன் என்கிற அந்தப் பாலக்காட்டுச் சமையற்காரனின் கூச்சமும் ஆசாரமும் நமக்கு முன்கூட்டியே பழகியிருந்தால்தான் மீன் ஒரு பேரிடர். இல்லையென்றால் அது வெறும் மீன். கடைசியில் மலையுச்சியில் வீடு ஆடுகிறதே, அது சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்', 1925. மூலத்தில் இரண்டு பேர் தள்ளாடிய வீட்டில் இவர்கள் நாலு கமலையும் மற்ற அத்தனை பேரையும் ஏற்றினார்கள். படம் முழுக்க முடிச்சுப் போட்ட ஆட்கள் எல்லோரும் ஒரே சாய்தளத்தில் சறுக்குகிறார்கள். அதைத் தனியே பார்ப்பவனுக்கு யார் எவர் என்று தெரியாது.

துண்டுக்கு ஒரு வலிமையும் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். 2019 மே மாதத்தில் 'பிரேஃபார்நேசமணி' என்ற கூப்பாடு இணையத்தில் உலகம் முழுக்கப் பரவியது. 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததற்காக, பதினெட்டு ஆண்டுகள் கழித்து உலகமே நலம் விசாரித்தது. வடிவேலுவுக்கு இதைவிடப் பெரிய விருது எந்த அரசாங்கமும் தர முடியாது. அந்தச் சமயத்திலும் சித்திக் என்ற பெயரை எத்தனை பேர் சொன்னார்கள்? மலையாளத்தில் அந்தப் படத்தை முதலில் எடுத்தவர் அவர், தமிழிலும் இயக்கியவர் அவரே. மலையாளத்தில் அந்த வேடத்தைச் செய்தவர் ஜகதி ஸ்ரீகுமார். ஜகதியையும் வடிவேலுவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே வசன அமைப்பை இரண்டு மேதைகள் எப்படி வேறு வேறு உடம்பால் பேசினார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பேசலாம். வடிவேலு வலியை முதலில் கண்ணுக்குக் கொண்டுவருகிறார், குரல் பிறகுதான் வருகிறது. ரசிகர்கள் பேச வேண்டிய பேச்சு இது.

லாரல்-ஹார்டி ரசிகர்களுக்கு 1965இலிருந்து 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் அந்த இருவரும் நடித்த ஒரு படத்தின் பெயர். கூடிச் சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள். எந்தப் பிரதியில் எந்தக் காட்சி இல்லை, எந்த நாட்டுத் தட்டில் எத்தனை நிமிடம் குறைகிறது என்று அந்த ரசிகர்கள் எழுதியும் வைப்பார்கள். அந்தப் பை எறியும் படத்தின் இரண்டாவது ரீல் கிடைத்தபோது அது என்ன என்று உடனே அடையாளம் தெரிந்ததற்கு, எது இல்லை என்று பல காலமாக எழுதி வைத்திருந்தவர்களும் ஒரு காரணம்.

நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராக நின்று படம் படமாகப் பெயர்களைச் சேர்த்து வைத்தார். அவர் 2016இல் மறைந்துவிட்டார். நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய விசிடி, டிவிடி இருக்கும். தூக்கிப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு கணினி வைக்கிறோம். தட்டு ஓடுகிறதா, மொத்தம் எத்தனை நிமிடம், பெயர்ப் பட்டியல் முழுதாக இருக்கிறதா, பாட்டு ஏதும் வெட்டப்பட்டிருக்கிறதா, முத்திரை எந்த மூலையில், காமெடிப் பகுதி எழுதியவர் பெயர் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். முதலில் 1960க்கு முந்தைய படங்கள். 'சபாபதி' யாரிடமாவது இருந்தால் அவசியம் கொண்டுவாருங்கள். 1941இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படம், பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். சொன்னதைச் சொன்னபடியே செய்து எசமானை நிலைகுலைய வைக்கும் அந்த வேலைக்காரனிடமிருந்துதான் செந்தில் வரைக்கும் ஒரு பரம்பரை கிளம்புகிறது என்பது என் கட்சி. அதை மறுப்பவர்கள் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்து மறுக்கலாம். சந்தையில் ஓடும் பிரதிகள் ஒன்றுக்கொன்று நீளத்தில் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். யாரிடம் என்ன படம் இருக்கிறது என்பதை மட்டும் அதில் குறித்துவிட்டுப் போங்கள்.